ஒரு நெல் கூலி

வருஷா வருஷம் தை மாதம் என் வீட்டுக் கொல்லையில் சூரியகாந்தி விதைக்கிறேன். இன்றுவரை அதிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் எடுத்ததில்லை. சித்திரையில் விதை முற்றியதும் ஸ்ரீரங்கத்துக் கிளிகள் ஆற்றைத் தாண்டி வந்து தின்றுவிட்டுப் போகும். மிச்சம் இருந்தால் அணில் தின்னும், சிட்டுக்குருவி பொறுக்கும். சந்தில் போகிறவர்கள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன பெரியவரே, இதுல என்ன வரும்படி?" என்று கேட்பார்கள். ஒன்றும் இல்லை என்பேன். நம்ப மாட்டார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பமாட்டேன்.

நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. படித்தது மூன்றாம் வகுப்பு. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்துப் பிழைத்தவன். தகரத்தில் நம்பர் அடித்த டோக்கன் ஒன்று சைக்கிளில் தொங்கும், அதன் ஜோடி ஆள் கையில் இருக்கும். டோக்கன் கொண்டு வந்தால் சைக்கிள். இல்லாவிட்டால் கிடையாது. ஒரு தடவை எங்கள் பங்குச் சாமியாரே டோக்கனைத் தொலைத்துவிட்டு வந்து நின்றார். "தைரியராஜ், என்னைத் தெரியாதா உனக்கு?" என்றார். "உங்களத் தெரியும் சாமி. டோக்கனைக் காணோமே" என்றேன். போய்த் தேடி எடுத்து வந்த பிறகுதான் சைக்கிளை விட்டேன். அந்த வெட்கத்தில் என் பெண்டாட்டி சகாயம்மாள் ரொம்ப நாள் பூசைக்குப் போனால் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்தாள்.

என் ஸ்டாண்டு வாசலில் ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் நிழலில் சாக்கு விரித்து உட்காருவான் வீரமலை, கிளி ஜோசியக்காரன். அவன் கிளிக்குப் பவுனு என்று பெயர். கழுத்தில் வளையம் இல்லாத பெட்டைக் கிளி. ஆள் வந்து உட்கார்ந்ததும் கூண்டுக் கதவைத் தூக்கி, "பவுனு, அய்யா பேருக்கு ஒரு சீட்டு எடுத்துக் குடும்மா" என்பான். அது நடந்து வந்து சீட்டுக்கட்டில் ஒவ்வொன்றாகக் கவ்வித் தள்ளும். ஏதோ ஒன்றை மட்டும் நடுவில் பிடித்துத் தூக்கி வந்து அவன் முன்னால் வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்து நிற்கும். வீரமலை ஒரு நெல்லை நீட்டுவான். ஒரே ஒரு நெல். அதை வாங்கிக்கொண்டு தானாகவே கூண்டுக்குள் போய்விடும். பூட்டு கிடையாது. அந்த ஒரு நெல்தான் பூட்டு.

எனக்கு ஒரு நாள் சும்மா எடுத்துப் பார்த்தான். வேளாங்கண்ணி மாதா படம் வந்தது.

"பாத்தியா, வேதக்காரன்னு கிளிக்கே தெரியுது."

"கிளிக்குத் தெரியல, உனக்குத் தெரியும். அந்தச் சீட்ட நீதான் வாகா வச்சே."

"நான் வச்சத நீ பாத்தியா?"

"நீ வைக்கலைங்கறத நான் பாத்தேனா?"

இப்படித்தான் எங்கள் சிநேகம். அவன் சொன்ன பலன் ஒன்றையும் நான் நம்பியதில்லை. ஆனால் மத்தியானச் சோற்றை அவனோடு பங்கு போடாமல் சாப்பிட்டதும் இல்லை.

எழுபத்தேழில் வெள்ளம் வந்தது. சிந்தாமணியில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வீரமலையின் குடிசை ஆற்றோரம் இருந்தது. அது இருந்த இடமே தெரியவில்லை. அவன் மட்டும் கிளிக்கூண்டைத் தலையில் வைத்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நடந்து வந்து லூர்து மாதா கோயில் பக்கம் மேட்டில் ஏறி நின்றிருக்கிறான். சீட்டுக்கட்டு போய்விட்டது. கிளி நனையவில்லை. அவன்தான் நனைந்தான். சளி நெஞ்சில் இறங்கி, பேசினாலே இரைத்தது. அவன் மகன் மருதை வையம்பட்டியிலிருந்து வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனான்.

போகிற அன்று கூண்டை என் வீட்டில் கொண்டுவந்து வைத்தான் வீரமலை.

"இத நீ வச்சுக்க தைரியராஜு. ஆடியிலேருந்து இறக்கை வெட்டல. புது இறகு விட்டுரும். ஸ்ரீரங்கத்துல மொட்டைத் தென்னைப் பொந்துலேருந்து குஞ்சா எடுத்தது. அங்கேயே அதுங்க கூட்டத்தோட சேத்துவுட்டுரு."

"ஏன், உம் மகன் வீட்டுல பறக்க விட்டா பறக்காதா?"

"அங்க கிளியைக் கண்டா கல்லால அடிக்கிறானுங்க. அதோட தனியா விட்டா காக்கா கொத்திரும். கூட்டத்தோட போகணும். எத்தனையோ பேருக்கு நல்ல காலம் பொறக்கும்னு அது வாயால சொல்ல வச்சேன். அதுக்கு ஒண்ணும் சொல்லல. பறந்துருச்சுன்னு நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு. அதுவரைக்கும் நான் எங்கயும் போகல."

எங்கேயும் போகல என்று அவன் எதைச் சொன்னான் என்பது எனக்குப் புரிந்தது. போடா, உளறாதே என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன்.

கிளிக்கூட்டம் எங்கள் வீட்டுக்கு மேலேதான் போகும். ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களிலும் தோப்புகளிலும் அடைந்துவிட்டு விடிந்ததும் கத்திக்கொண்டே ஆற்றைத் தாண்டும். சாயங்காலம் அதே வழியில் திரும்பும். பவுனு கூண்டுக்குள்ளிருந்து அண்ணாந்து பார்க்கும். ஆனால் அதுகள் மேலோடு போகின்றன, இது கீழே கிடக்கிறது. கீழே இறங்கி வர அதுகளுக்கு எங்கள் கொல்லையில் என்ன இருக்கிறது? வெள்ளம் விட்டுப்போன வண்டல்தான் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது.

பொங்கல் கழிந்து வீரமலையைப் பார்க்க வையம்பட்டி போனேன். ஜங்ஷன் போய் திண்டுக்கல் பஸ் ஏறிப் போனால், மருதையின் காடு ரோட்டு மேலேயே இருந்தது. காடு முழுக்க மஞ்சள். அதற்கு முன் நான் சூரியகாந்தியை அப்படிப் பார்த்ததில்லை. தட்டு தட்டாகத் தலை தொங்கி நின்றது. மருதை வரப்பில் நின்று எண்ணெய் டின் ஒன்றைக் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன மருதை, கல்யாணமா?"

"வாங்க சித்தப்பா. கிளி. வெவசாய ஆபீஸ்ல புதுப் பயிருன்னு வெதை குடுத்தாங்க, நல்லாத்தான் வந்துச்சு. ஆனா ஊரு உலகத்துல இருக்கிற கிளியெல்லாம் இங்க வந்துருச்சு. தலைகீழாத் தொங்கிக்கிட்டுத் திங்குது. எங்கப்பன் கிளிய வச்சுச் சம்பாதிச்சதையெல்லாம் இப்ப எங்கிட்ட வசூல் பண்ணுது."

நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"வெதை கொஞ்சம் இருக்குமா?"

"எதுக்கு, எண்ணெய் ஆட்டவா?"

"கிளி வர்றதுக்கு."

டின் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "கிளிய வெரட்ட நான் தொண்டை கட்டிப்போய் நிக்கிறேன். நீங்க வெத்தலை பாக்கு வச்சு அழைக்கப் போறீங்களா? வேணும்னா இந்தக் கூட்டத்தையே ஓட்டிட்டுப் போங்க."

அவனுக்கு விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை. செடியில் முற்றியதைத் தராமல், விதைப்பில் மீந்து கலயத்தில் இருந்ததை எடுத்துத் துண்டில் முடிந்து கொடுத்தான். இப்போது பறித்த விதை உடனே முளைக்காது என்றான். உள்ளே கட்டிலில் கிடந்த வீரமலை நான் வந்த சத்தம் கேட்டு, "பறந்துருச்சா?" என்றான். "இன்னும் இல்ல" என்றேன். "சரி, இருக்கேன்" என்றான்.

வண்டலில் முழத்துக்கு ஒன்றாக விரலால் குழி போட்டு ஊன்றினேன். முதல் விதைப்பை எறும்பு கொண்டுபோனது. மறுபடி ஊன்றி, சுற்றிச் சாம்பல் போட்டேன். முளை வந்ததும் குருவி வந்து கிள்ளியது. சகாயம்மாள் வீட்டில் இருந்த கூடை, ஓட்டைப் பானை எல்லாவற்றையும் கொண்டுவந்து கவிழ்த்து மூடினாள். "கிளிக்கு வைக்கப்போய் குருவிய வெரட்டுறமே, இது நியாயமா?" என்றாள். "குருவிக்கும் உண்டு, முத்தினப்பறம்" என்றேன். ஆள் உயரம் வளர்ந்து காற்றுக்குச் சாய்ந்தது. பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துக் கம்பில் கட்டினேன். பங்குனியில் பூத்தது. மாடு மேய்க்கிறவள்கூட நின்று பார்த்துவிட்டுப் போனாள். பூ வாடி, தட்டின் பின்பக்கம் பச்சை போய் எலுமிச்சை நிறம் வந்ததும் கிளிக்கூண்டைத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்து, கதவைத் தூக்கிக் கட்டிவிட்டேன். கல்லிலிருந்து செடிக்கு ஒரு மூங்கிலைப் பாலம் போலக் கட்டினேன்.

பவுனு வெளியே வந்தது. மூங்கிலில் நடந்தது. பூத்தட்டின் மேல் ஏறி நின்று ஒரு விதையைக் கவ்வி இழுத்துக் கீழே போட்டது. இன்னொன்றை இழுத்தது, போட்டது. மூன்றாவதை நடுவில் பிடித்து எடுத்துக்கொண்டு, பாலத்தில் திரும்பி நடந்து வந்து, துணி அலசிக்கொண்டிருந்த சகாயம்மாள் முன்னால் கல்லில் வைத்தது. தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

"ஏங்க, எனக்குச் சீட்டு எடுத்துக் குடுக்குது" என்றாள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஓடிப்போய் ஒரு நெல் கொண்டுவந்து நீட்டினாள். பவுனு வாங்கிக்கொண்டு கூண்டுக்குள் போய் உட்கார்ந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தின்கிற சாமான் அதன் வாயிலேயே இருக்கிறது, அதைத் தின்னத் தெரியவில்லை. எடுத்துக் கொடுத்தால் ஒரு நெல் கிடைக்கும் என்பது மட்டும் தெரிகிறது.

"இனிமே நெல்லு குடுக்காத" என்றேன்.

"சரிங்க."

கொடுக்கவில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பகலில் கூட்டம் இறங்க ஆரம்பித்தது. முதலில் ஒன்றிரண்டு வந்து முருங்கையில் உட்கார்ந்து நோட்டம் பார்த்தன. பிறகு பத்துப் பதினைந்தாக வந்து தட்டுகளில் தொங்கின. பவுனு அதுகளைப் பார்த்துக் கத்தும், பாலம் வரை நடக்கும். பிறகு ஒரு விதையோடு திரும்பி வந்துவிடும். இறகெல்லாம் நீளமாக வளர்ந்திருந்தது. ஏன் திரும்பி வருகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் கூண்டைக் கழுவ எடுத்தேன். அடியில் நெல் உமி.

சகாயம்மாளைக் கூப்பிட்டேன். முந்தானை முடிச்சை அவிழ்க்கச் சொன்னேன். நெல் இருந்தது.

"போலீஸ்காரன் மாதிரி என்ன சோதனை?" என்றாள்.

"குடுக்காதன்னு சொன்னேன்ல."

"எப்படிங்க குடுக்காம இருக்கிறது? எடுத்து வந்து வச்சுட்டு மூஞ்சிய மூஞ்சியப் பாக்குது. வேலை வாங்கிட்டுக் கூலி குடுக்காம அனுப்பினா அது பாவம். நீங்க சைக்கிள் தொடைக்கிறவனுக்குக் கூலி குடுக்காம விட்டீங்களா?"

"நீ கூலி குடுக்குற வரைக்கும் அது கூலியாளு. கூலியாளு எப்படிக் காட்டுக்குப் போவான்? அங்க வீரமலை மூச்சைப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கிறான்."

அவள் முடிச்சை உதறி நெல்லைக் கோழிக்குப் போட்டாள்.

மறுநாள் அவளை அவள் அக்கா வீட்டுக்குத் திருவெறும்பூர் அனுப்பிவிட்டு நானே கல்லருகில் உட்கார்ந்தேன். பவுனு விதை கொண்டுவந்து வைத்தது. நான் கையை மூடிக்கொண்டேன். போய் இன்னொன்று கொண்டுவந்தது. முதல் சீட்டு சரியில்லை என்று நினைத்ததோ என்னவோ. அப்புறம் இன்னொன்று. கல் மேல் வரிசையாக விதைகள். அது என் முகத்தைப் பார்த்தது. நான் முருங்கை மரத்தைப் பார்த்தேன். கத்தியது. என் விரலைக் கவ்வி ரத்தம் வரக் கடித்தது. கடித்துக்கொள் என்று விட்டேன். எவ்வளவோ பேர் என் ஸ்டாண்டில் கெஞ்சியிருக்கிறார்கள், திட்டியிருக்கிறார்கள். அசையாமல் உட்காரத் தெரிந்தவன் நான். ஆனால் அன்றைக்கு உட்கார்ந்த மாதிரி சங்கடம் எனக்கு என்றும் இருந்ததில்லை. என் மடியில் ஒரு நெல் இருந்திருந்தால் கொடுத்திருப்பேன். அதற்குத்தான் நான் கொண்டுவரவில்லை.

வெயில் ஏறி, பசியும் ஏறிய பிறகு, தான் வைத்த விதைகளில் ஒன்றைத் தானே எடுத்தது. காலால் பிடித்துக்கொண்டு உருட்டியது. ஓடு இரண்டாகப் பிளந்து விழுந்தது. பருப்பைத் தின்றது. சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு வரிசையில் இருந்த அத்தனையையும் தின்றுவிட்டுப் பாலத்தில் ஏறிப்போய்ப் பூத்தட்டில் தொங்கியது. மற்ற கிளிகள் இடம் விட்டன.

அதற்கப்புறம் கூண்டு அதற்கு ராத்திரிக்கு மட்டும்தான். மூங்கிலிலிருந்து சுவருக்குப் பறந்தது. ஒரு தடவை விழுந்தது. சுவரிலிருந்து முருங்கைக்குப் பறந்தது. சகாயம்மாள் ஊரிலிருந்து திரும்பி வந்த அன்று சாயங்காலம் கூட்டம் கிளம்பிப்போய் இருட்டிய பிறகும் கூண்டு காலியாகவே இருந்தது.

"பறந்துருச்சு" என்றாள்.

"பூனை தின்னிருந்தா?"

"ஏங்க உங்களுக்கு வாயில நல்லதே வராதா?"

சுவரோரம், முருங்கையடி எல்லாம் தேடினேன். இறகு எதுவும் கிடக்கவில்லை. ஆனால் பூனை தூக்கிக்கொண்டு போயும் தின்னும். மறுநாள் கூட்டம் வந்தது. அதில் வளையம் இல்லாத பெட்டைகள் எத்தனையோ. எல்லாம் ஒரே அச்சு. "பவுனு" என்று கூப்பிட்டேன். ஒன்றும் திரும்பவில்லை. கூட்டத்தில் அது இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரத்தில் மருதை பஸ் கண்டக்டர் ஒருவரிடம் சொல்லி அனுப்பினான். அப்பாவுக்கு முடியவில்லை, உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், வாருங்கள் என்று.

"பறந்துருச்சுன்னு சொல்லிட்டு வாங்க. ஒரு மனுஷன் நிம்மதியாப் போகட்டும்" என்றாள் சகாயம்மாள்.

"நான் பாக்கலையே."

"பாத்தேன்னு சொன்னா மாதா கோவிச்சுக்க மாட்டா."

"அவன் கண்டுபிடிச்சுருவான். எத்தனை பேர் மூஞ்சியப் படிச்சுப் பிழைச்சவன்."

விடிந்ததும் கிளம்பச் சட்டை போட்டுக்கொண்டு கொல்லைக்கு முகம் கழுவப் போனேன். கூட்டம் வந்திருந்தது. தட்டுகளில் பாதிக்கு மேல் காலி, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. நான் கல்லில் உட்கார்ந்தேன். ஒரு கிளி பூத்தட்டில் இரண்டு விதையை இழுத்துக் கீழே போட்டது. மூன்றாவதைக் கவ்விக்கொண்டு பறந்து வந்து கல் மேல் இறங்கியது. விதையை என் முன்னால் வைத்தது. தலையைச் சாய்த்து என்னை ஒரு பார்வை பார்த்தது. நான் கையை நீட்டுவதற்குள் எழும்பி முருங்கைக்குப் போய்விட்டது. நெல்லுக்கு நிற்கவில்லை. கூட்டம் கிளம்பியதும் அதோடு போய்விட்டது.

அந்த விதையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கையில் காலிக் கூண்டையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீரமலை பாதியாகிக் கிடந்தான். மருதை அவனைத் தூக்கிச் சாய்த்து உட்கார வைத்தான். கூண்டை அவன் காலடியில் வைத்தேன்.

"பறந்துருச்சு" என்றேன்.

கூண்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மூச்சு வாங்கிச் சொன்னான். "பூனை தின்னாலும் கூண்டு காலியாத்தான் இருக்கும்."

மருதை, "அப்பா, சித்தப்பா எதுக்குப் பொய் சொல்றாரு?" என்றான்.

"சாவப்போறவனுக்கு எல்லாரும் நல்லதாத்தான் சொல்லுவாங்க. நான் அப்படித்தானே சொல்லிப் பிழைச்சேன்."

"நான் சொல்லுவனா?" என்றேன்.

"உன்னைத் தெரியும் தைரியராஜு." கொஞ்சம் இருமினான். இருமி முடித்ததும் அவன் முகத்தில் பழைய சிரிப்பு இருந்தது. "டோக்கனைத்தான் காணோம்."

பையிலிருந்து விதையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். காலையில் நடந்ததைச் சொன்னேன். இரண்டைத் தள்ளியது, மூன்றாவதைக் கொண்டுவந்தது, கல்லில் வைத்தது என்று எல்லாவற்றையும்.

அவன் விதையைக் கண்ணருகே கொண்டுபோனான். கட்டை விரலால் தடவினான். நடுவில் அலகு பதிந்த தடம் இருந்தது. ஓடு உடையவில்லை.

"நடுவுல புடிச்சிருக்கு" என்றான். "சீட்டப் புடிக்கிற மாதிரி." பிறகு, "கூலி குடுத்தியா?" என்றான்.

"இல்ல."

"கேட்டுச்சா?"

"கேக்கல. வச்சுட்டுப் போயிருச்சு."

வீரமலை விதையையே பார்த்துக்கொண்டிருந்தான். மருதை அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தான். வெளியே அறுத்து முடிந்த காட்டில் சூரியகாந்தித் தட்டைகள் காய்ந்து நின்றன. டின் சத்தம் இல்லை. எனக்கு எதையாவது பேச வேண்டும் போல இருந்தது.

"யோவ், சைக்கிள எடுத்துட்டா டோக்கனைத் திருப்பிக் குடுக்கணும். குடு இங்க" என்று கையை நீட்டினேன்.

"தரமாட்டேன் போ" என்றான் வீரமலை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் கையை மூடிக்கொண்டான்.